பட்டம் பெற்றவுடன் பன்னாட்டு இன்டர்ன்ஷிப்: வந்த கேள்விகளும் என் பதில்களும்

பொதுச் சுகாதாரம், குடிநீர், வேளாண்மை, கல்வி என வளர்ச்சித் துறையில் பன்னாட்டு அமைப்புகளோடு பணிபுரிய விரும்பும் புதிய பட்டதாரிகளும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் ஜெனீவாவில் ஆறு மாதம் இன்டர்னாக இருந்தவன். பிற்பாடு சில ஆண்டுகள் விண்ணப்பங்களைப் படித்து வடிகட்டும் வேலையையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (மதுரை): சென்ற மே மாதம் எம்.எஸ்.டபிள்யூ. முடித்தேன். பட்டமளிப்பு விழா இன்னும் நடக்கவில்லை. ஐ.நா. இன்டர்ன்ஷிப்புக்கு எனக்கு இன்னும் காலம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கிறது. ஐ.நா. செயலகத்தின் விதிப்படி, இளங்கலை இறுதியாண்டிலோ முதுகலை, முனைவர் படிப்பிலோ இருப்பவர்களும், பட்டம் பெற்று ஓராண்டுக்குள் இருப்பவர்களும் தகுதியுடையவர்கள். அந்த ஓராண்டுக்குள் விண்ணப்பம் அனுப்பிவிட்டால் போதாது, பயிற்சியே தொடங்கியிருக்க வேண்டும். விளம்பரம் வருவதற்கும் தேர்வு முடிவதற்கும் இடையே மாதங்கள் ஓடிவிடும் என்பதால் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். நானும் தவறியிருக்கிறேன். முதல்முறை ஓர் அமைப்பு என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தொடங்கும் தேதி பன்னிரண்டு நாள் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பியது. பிழை என்னுடையதே, விதி விளம்பரத்திலேயே இருந்தது.

ஒவ்வோர் அமைப்புக்கும் கணக்கு வேறு. யுனிசெஃப் பட்டம் பெற்று இரண்டாண்டு வரை ஏற்கிறது. உலக சுகாதார நிறுவனமோ படிப்பு முடிந்த ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறது. பட்டமளிப்பு விழா நாளிலிருந்து எண்ணாதீர்கள். நம் பல்கலைக்கழகங்களில் அது எப்போது நடக்கும் என்பது துணைவேந்தருக்கே தெரியாது. ப்ரொவிஷனல் சான்றிதழில் உள்ள தேர்ச்சி மாதத்திலிருந்து எண்ணுவதே பாதுகாப்பானது.

கேள்வி (கோவை): வேளாண்மைப் பட்டதாரி நான். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நிலம் தவிர வேறு வருமானம் இல்லை. வெளிநாடு சென்று பயிற்சி பெறுவது எங்களைப் போன்றவர்களுக்குச் சாத்தியமா?

பதில்: எந்த அமைப்பு என்பதற்கு முன்பு, செலவு யாருடையது என்பதைப் பாருங்கள். ஐ.நா. செயலகம் இன்டர்ன்களுக்கு ஊதியம் தருவதில்லை. விமானக் கட்டணம், விசா, காப்பீடு, தங்குமிடம் எல்லாம் பயிற்சிக்கு வருபவர் அல்லது அவரை அனுப்பும் கல்வி நிறுவனத்தின் பொறுப்பு. இது நியூயார்க், ஜெனீவாவுக்கு மட்டுமன்று, செயலகத்தின் கீழ் வரும் பாங்காக் ஆசிய பசிபிக் ஆணையத்துக்கும் பொருந்தும். 2015 ஆகஸ்டில் நியூசிலாந்து இளைஞர் ஒருவர் வாடகைக்கு வழியில்லை என்று சொல்லி ஜெனீவா ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கி இன்டர்னாகப் பணியாற்றியது உலகச் செய்தியானது. அங்கே அறை பிடிக்க மூன்று மாத வாடகை வரை முன்பணம் கேட்கச் சட்டமே இடமளிக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் கூடாரம் வியப்பளிக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020 முதல் உதவித்தொகை தருகிறது. யுனிசெஃப், ஐ.நா. வளர்ச்சித் திட்டம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஆகியவையும் தருகின்றன. மணிலாவில் உள்ள ஆசிய வளர்ச்சி வங்கியும் தருகிறது, ஆனால் முதுகலை அல்லது முனைவர் படிப்பில் இருப்பவர்களை மட்டுமே எடுக்கிறது. உதவித்தொகை என்றால் மிச்சம் பிடிக்கும் தொகை என்று எண்ண வேண்டாம். அது அறைக்கும் சோற்றுக்கும் சரியாகிவிடும்.

உங்கள் நிலையில் நான் வெளிநாட்டை முதலில் தேடமாட்டேன். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் 1972 முதல் இயங்கும் இக்ரிசாட், வறண்ட நிலப் பயிர்களில் உலக அளவிலான ஆய்வு நிறுவனம். சென்னை தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கம்பும் கேழ்வரகும் விளையும் மண்ணைத் தெரிந்தவருக்கு இந்த இடங்களில் கிடைக்கும் வேலை, ஜெனீவாவில் கூட்டக் குறிப்பு எழுதுவதைவிடக் கனமானது.

கேள்வி (திருநெல்வேலி): என் மகளுக்கு ஐ.நா. சின்னத்துடன் நியமனக் கடிதம் மின்னஞ்சலில் வந்துள்ளது. பதிவுக் கட்டணமாக ரூ. 45,000 கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஐ.நா. அமைப்புகள் விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என ஆட்சேர்ப்பின் எந்தக் கட்டத்திலும் பணம் வாங்குவதில்லை. கடிதம் வந்த மின்னஞ்சல் முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். அமைப்பின் சொந்த இணைய முகவரியாக இல்லாமல் ஜிமெயில் என்று இருந்தால் அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை. உங்கள் மகள் விண்ணப்பிக்காத வேலைக்கு நியமனம் வந்திருந்தால் அதுவும் ஒரு விடைதான்.

கட்டணம் வாங்குபவை எல்லாம் மோசடி என்றும் சொல்ல மாட்டேன். 1948இல் தொடங்கிய ஐசெக் போன்ற மாணவர் அமைப்புகள் வெளிநாட்டுப் பயிற்சிப் பரிமாற்றத்துக்கு வெளிப்படையாகவே கட்டணம் பெறுகின்றன. ஆனால் மாணவர்கள் நாடுகளின் பிரதிநிதிகளாக நடித்து விவாதிக்க, பெரிய ஓட்டல்களில் மூன்று நாள் நடக்கும் 'மாதிரி ஐ.நா.' மாநாடுகளை இன்டர்ன்ஷிப் என்று எண்ணிக் கடன் வாங்கி அனுப்பும் பெற்றோரைப் பார்க்கையில் வருத்தமாக இருக்கிறது. அது சுற்றுலா, சான்றிதழ் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவே.

கேள்வி (உசிலம்பட்டி): பதினேழு விண்ணப்பங்கள் அனுப்பிவிட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. என் கடிதத்தின் முதல் பத்தியைத் தமிழில் தருகிறேன்: "உலகளாவிய வளர்ச்சிக்குப் பங்களிக்க வேண்டும் என்பது என் சிறுவயதுக் கனவு. நான் கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுவதில் ஆர்வமுள்ளவள்." என்ன குறை?

பதில்: குறை என்று எதுவும் இல்லை, அதுதான் சிக்கல். ஒரு பயிற்சியிடத்துக்கு நூற்றுக்கணக்கில் வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இதே பத்தியோடு தொடங்கும். படிப்பவர் கண் தானாகவே அடுத்த பத்திக்குப் போய்விடும்.

உங்கள் மின்னஞ்சலின் கடைசியில், போகிற போக்கில், ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நூறு நாள் வேலைத் திட்டம் பற்றிக் கல்லூரிக்காகக் கணக்கெடுத்தபோது, "சென்ற ஆண்டு எத்தனை நாள் வேலை கிடைத்தது?" என்று கேட்டதற்குப் பெண்கள் சொன்ன எண்ணிக்கை வேலை அட்டையிலிருந்து வேறுபட்டது என்றும், அவர்கள் வேலை செய்த நாளை எண்ணாமல் வங்கியில் கூலி ஏறிய நாளை எண்ணியிருந்ததைக் கண்டுபிடித்து, கேள்வியை இரண்டாகப் பிரித்தீர்கள் என்றும் சொல்கிறீர்கள். அம்மா, உங்கள் கடிதமே இதுதான். கண்காணிப்பும் மதிப்பீடும் என்று பன்னாட்டு அமைப்புகள் பெரிய பெயர் வைத்து நடத்தும் வேலையின் சாரமே, கேட்பவரின் கேள்வியும் சொல்பவரின் கணக்கும் எங்கே பிரிகின்றன என்று பார்ப்பது. எத்தனை வீடு, எந்த ஆண்டு, கேள்வி முதலில் எப்படி இருந்தது, மாற்றிய பின் எப்படி இருந்தது என்று ஐந்து வரியில் எழுதித் தொடங்குங்கள். கனவை நேர்காணலில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

பதினேழு இடங்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பியிருந்தால் அதையும் நிறுத்துங்கள். விளம்பரத்தில் உள்ள பணிகளில் இரண்டையாவது பெயர் சொல்லித் தொடாத கடிதம் முதல் வடிகட்டலிலேயே விழுந்துவிடும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): பொருளியல் சிறப்புப் பட்டதாரி நான். இலங்கையிலிருந்து செய்யக்கூடியது ஏதும் உண்டா ஐயா?

பதில்: உண்டு. பன்னாட்டு நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் தலைமையகமே கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில்தான் இருக்கிறது; பன்னாட்டு ஆய்வு நிறுவனமொன்று உங்கள் பேருந்துப் பயணத் தூரத்தில் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. கொழும்பிலுள்ள ஐ.நா. அலுவலகங்களிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அறிக்கை வாசித்து எழுதக்கூடியவருக்கு மதிப்பு அதிகம். சிங்களம் பேச மட்டும் வரும் என்றால் வாசிக்கவும் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருச்சி): பொறியியல் முடித்து ஐ.டி. நிறுவனத்தில் இரண்டரை ஆண்டு வேலை பார்த்துவிட்டேன். வயது 25. இனி இந்தத் துறைக்கு வர வழியில்லையா?

பதில்: இன்டர்ன்ஷிப் கதவு உங்களுக்கு ஏறக்குறைய மூடிவிட்டது, ஆனால் உங்களுக்கு அது தேவையும் இல்லை. ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் 18 முதல் 26 வயது வரையிலானவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. தன்னார்வலர் என்று பெயர் இருந்தாலும் மாதாந்திர வாழ்க்கைப் படியும் காப்பீடும் தருகிறார்கள். உங்கள் வயதைப் பார்த்தால் இந்த ஆண்டே முயல வேண்டும். தெற்காசியாவில் ஜே-பால் போன்ற ஆய்வு அமைப்புகள் கள ஆய்வுத் தரவைக் கையாள ஆட்களை எடுக்கின்றன. நிரல் எழுதத் தெரிந்தவர் அதற்கான ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்க அதிக நாளாகாது.

இளம் அலுவலர்களை அரசுகளின் செலவில் ஐ.நா. அமைப்புகளுக்கு அனுப்பும் இளநிலை நிபுண அலுவலர் திட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது 1961இல் தொடங்கியது. நிதி தரும் அரசுகள் பெரும்பாலும் தம் குடிமக்களையே அனுப்பும். இந்தியருக்கு அது எளிய வழியன்று.

வளர்ச்சியியல் பட்டம் இல்லையே என்று தயங்க வேண்டாம். வேலூரில் பிறந்து யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்து, 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கிய மால்கம் ஆதிசேசய்யாவும் பொருளாதாரப் பேராசிரியராகத்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்.

கேள்வி (சேலம்): பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தருவார்களா?

பதில்: தரமாட்டார்கள். எதிர்பார்க்க வேண்டாம் என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். கிடைப்பது அனுபவமும், உங்களைப் பற்றி நாலு வரி எழுதித் தரக்கூடிய ஒரு மேலதிகாரியும்.

கேள்வி (புதுச்சேரி): ஜெனீவாவிலிருந்து நவம்பரில் நடக்கும் நேர்காணலுக்கு அழைப்பு வந்துள்ளது. அவர்கள் நேரம் காலை 10 மணி. எப்படித் தயாராவது?

பதில்: "நீங்கள் ஒரு கருத்து வேறுபாட்டைக் கையாண்ட சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்" என்ற வகைக் கேள்விகளே அதிகம் வரும். சூழல், உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு என்ற வரிசையில் உண்மையாக நடந்த மூன்று நிகழ்ச்சிகளைத் தயாராக வைத்திருங்கள். "நாங்கள் செய்தோம்" என்றே பேசப் பழகியவர்கள் நம்மில் அதிகம். அங்கே நீங்கள் செய்தது எது என்று கேட்டு நிறுத்துவார்கள். வைஃபையை நம்பாமல் கைப்பேசி இணையத்தையும் தயாராக வையுங்கள். நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: ஜெனீவாவில் கோடைக்கால நேரம் நடக்கும்போது அவர்களுடைய காலை 10 நமக்குப் பிற்பகல் 1.30, அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்குப் பிறகு 2.30. உங்கள் நேர்காணல் நவம்பர் மாதம் என்பதால் மதிய உணவை நிதானமாகவே முடிக்கலாம்.