ட்விட்டரை விட்டு எங்கே போவது?

கேள்வி: திருநெல்வேலியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்து வந்த நாள், எத்தனை வந்தன, எந்தக் கரையில் இறங்கின என்று 2013 முதல் ட்விட்டரில் எழுதி வருகிறேன். அங்கே கூட இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது ப்ளூஸ்கையில், சிலர் மாஸ்டடானில், மற்றவர்கள் த்ரெட்ஸில். நான் எங்கே போவது?

பதில்: அதை அப்புறம் பேசலாம். முதலில், இன்று இரவே எக்ஸ் (ட்விட்டரின் இப்போதைய பெயர்) தளத்தின் அமைப்புகளுக்குள் போய், உங்கள் பதிவுகள் முழுவதையும் தரவிறக்கக் கேட்டு வையுங்கள். கோப்பு தயாராக ஒரு நாளோ கூடுதலாகவோ ஆகும். நான் இதைச் செய்யாமல் விட்டவள். பாட்டி சொல்லச் சொல்ல எழுதிய தாளிப்பு வடகக் குறிப்பும், அதன் கீழே ஊர் ஊராகப் பெண்கள் சேர்த்த திருத்தங்களும், ஒரு தளம் மூடியபோது அதோடு போயின. ஒரு படி வெங்காயத்துக்கு எவ்வளவு வெந்தயம் என்று கேட்கப் பாட்டியும் இல்லை.

சரி, தளங்களுக்கு வருவோம். த்ரெட்ஸில், இன்ஸ்டாகிராம் கணக்கு இருந்தால் உடனே நுழைந்துவிடலாம். 2023 ஜூலையில் தொடங்கி ஐந்தே நாளில் 10 கோடிப் பேர் சேர்ந்தது அதனால்தான். ஆனால் திறந்ததும் முன்பின் தெரியாதவர்களின் பதிவுகள் வந்து விழும். நண்பர்களைத் தேட வேண்டியிருக்கும்.

மாஸ்டடான் 2016இலிருந்து இருக்கிறது, விளம்பரம் கிடையாது. பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சேர வேண்டும். அங்கேயே குழம்பித் திரும்பியவர்கள் உண்டு. பிறகு சர்வர் மாறினால் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது.

உங்களுக்கு ப்ளூஸ்கைதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். பாதி நண்பர்கள் அங்கே இருக்கிறார்கள். தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வரித்தலை வாத்து என்பதில், இடைவெளியைச் சேர்க்காமல், எழுத்து எட்டு. ட்விட்டர் புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணுவதால் அங்கே அது 14. ப்ளூஸ்கை நாம் எண்ணுவது போலவே எட்டு என்று எண்ணுகிறது. அங்கே ஒரு பதிவுக்கு 300 எழுத்து. ட்விட்டரின் 280ஐவிடத் தமிழுக்கு நிறையவே இடம். மாஸ்டடான் நண்பர்களுக்கும் உங்கள் பதிவுகள் போய்ச் சேர வேண்டுமானால், பிரிட்ஜி ஃபெட் என்ற இலவசப் பாலத்தை இணைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கணக்கை மூட வேண்டாம். அதன் முகப்புக் குறிப்பில் புது முகவரியைப் போட்டுவிட்டால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நாள், எண்ணிக்கை, இடம் என்று நீங்கள் எழுதி வைத்திருப்பது அரட்டையோடு அரட்டையாகக் கிடக்கக் கூடாது. கார்னெல் பல்கலைக்கழகம் 2002 முதல் நடத்தும் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பழைய தேதியிட்ட பட்டியலையும் ஏற்றலாம். ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்தும் தரவு அது. கோப்பு கைக்கு வந்ததும், 2013இல் நீங்கள் பார்த்த முதல் கூட்டத்திலிருந்து ஏற்றத் தொடங்குங்கள்.