போத்தலுக்குச் சட்டை: பறக்கும் அளவுமாதிரி ரொக்கெட் கேள்வி-பதில்

வெள்ளாமை வெட்டு முடிந்து வயல் வெளித்ததும் கேள்விகளும் கூடிவிடும். சோடாப் போத்தலில் தண்ணீர் விட்டு, காற்று ஏற்றி, உண்மையான ரொக்கெட்டின் உருவில் மட்டைச் சட்டை போட்டுப் பறக்கவிடும் மாதிரிகள் பற்றி வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். போத்தலின் அளவு, ஏற்றிய அமுக்கம், செட்டையின் (வால் இறக்கையின்) அகலம் எதுவும் எழுதாமல் “ஏன் சேர் சரிஞ்சு விழுது?” என்று மட்டும் கேட்டவர்கள் விபரத்தோடு திரும்ப எழுதுங்கள். ஒன்றும் தெரியாமல் நான் எதைச் சொல்வது?

செங்கலடி மாணவி: போத்தலில் எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்?

மூன்றில் ஒரு பங்கு. பாதிக்கு மேல் போனால் பாரம் கூடும், தள்ளுகிற காற்றுக்கு இடம் குறையும். சோடாப் போத்தல் மட்டும்தான், தங்கச்சி. தண்ணீர் விற்கும் போத்தல் அமுக்கத்துக்காகச் செய்தது அல்ல.

காரைதீவு வாசகர்: மூக்குப் பாரத்துக்கு வீச்சுவலை ஈயம் போடலாமா?

கூடாது. பரசூட் விரியாத நாளில் அது நேரே கீழே வரும். வயலில் மாடும் நிற்கும், பிள்ளைகளும் நிற்பார்கள். பாடசாலைக் களிமண் போதும். நுனியில் உருட்டி அப்பாமல், மூக்கின் உட்சுவரில் படரவிட்டு ஒட்டுங்கள். நுனிக்குப் பஞ்சு மெத்தைத் துண்டு.

களுவாஞ்சிகுடி வாசகர்: 1.5 லீற்றர் போத்தலை உள்ளே வைத்து, சந்திரனுக்குப் போன சட்டேர்ன் 5 ரொக்கெட்டைச் செய்து முடித்துவிட்டேன். ஐந்து இயந்திரங்களும் வார்த்து ஒட்டி, பெயின்ற்றும் அடித்தாயிற்று. இனிப் பறக்க வைக்க என்ன செய்ய வேண்டும்?

இந்த “முடித்துவிட்டேன், இனி” என்ற கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. தம்பி, பறக்கும் மாதிரியைப் பறக்கும் என்று நினைத்துத்தான் தொடங்க வேண்டும். முதல் துளி கம் வைக்கும் முன் தீர்மானிக்க வேண்டியதைக் கடைசியில் கேட்டால், செய்ததை உடைக்கத்தான் நான் சொல்ல வேண்டி வரும்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதற் கட்டத்து எஃப்-1 இயந்திரத்தின் குழாய் வரி கூடத் தெரிகிறது. அருமையான வேலை. ஆனால் நடு இயந்திரம் ஒட்டியிருக்கும் இடத்தில்தான் போத்தலின் வாய் திறந்திருக்க வேண்டும். தண்ணீர் எந்த வழியால் வெளியேறும்? பிசினில் வார்த்த ஐந்தும் சேர்ந்து நல்ல பாரம் வரும், அத்தனையும் வாலில். ஈர்ப்பு மையம் (பாரம் சமமாக நிற்கும் இடம்) அமுக்க மையத்துக்கு (காற்றின் தள்ளல் ஒன்றுசேரும் இடம்) ஓர் உடல் விட்டமாவது முன்னால் இருக்க வேண்டும் என்று எத்தனை தரம் எழுதிவிட்டேன்! உங்கள் போத்தலுக்கு அது 9 சென்ரிமீற்றர். இப்போது இருக்கிறபடி ஏவினால் பனை உயரம் போகும் முன்பே கரணம் அடிக்கும்.

உண்மையான சட்டேர்ன் 5 ஏறத்தாழ 110 மீற்றர் உயரம், 10 மீற்றர் விட்டம். அதன் நான்கு செட்டைகளும் மிகச் சிறியவை. அதை நேராக வைத்திருந்தவை முக்கியமாக வெளிப்புற நான்கு இயந்திரங்கள்தான், அவை திரும்பிக் கொடுத்தன. உங்கள் போத்தல் திரும்பாது. ஆகவே கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்ரிக்கில் நான்கு பெரிய செட்டை வேண்டும், ஒவ்வொன்றும் உடல் விட்டம் அளவுக்கு வெளியே நீள வேண்டும். கேக் பெட்டி மூடி துவளும். முக்கால் மில்லிமீற்றருக்குக் குறையாத தாள் எடுங்கள். “அழகு கெடும்” என்று எழுதியிருக்கிறீர்கள். மாதிரி ரொக்கெட் போட்டிகளில் பிளாஸ்ரிக் மாதிரிகளைப் பறக்கவிடுகிறவர்களும் தெளிவான செட்டைதான் பூட்டுகிறார்கள். பத்தடி தள்ளி நின்றால் கண்ணில் படாது.

இனிச் செய்யக்கூடியது இதுதான். இயந்திரங்களைக் கழற்றி ஒரு வட்டத் தட்டில் ஒட்டுங்கள். அலுமாரியில் வைக்கும்போது பூட்டுங்கள், வயலுக்குப் போகும்போது கழற்றுங்கள். உச்சியில் நிற்கும் தப்பிப்புக் கோபுரமும் அப்படியே, காட்சிக்கு ஒரு மூக்கு, பறப்புக்கு வேறு மூக்கு. இரண்டாம் கட்டத்துக்கு மேலே உடல் ஒடுங்கும் இடத்தில் பிளேட்டால் சுற்றி வெட்டினால் வெட்டு கட்டக் கோட்டுக்குள் மறைந்துவிடும், பரசூட்டுக்கும் வழி கிடைக்கும். பிறகு வெறும் போத்தலோடு ஈர்ப்பு மையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேலே சுற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் சரி. வால் முன்னால் வந்தால் இன்னும் களிமண்.

நேரே போத்தல் மீது பெயின்ற் அடித்தீர்களா, மட்டைச் சட்டை போட்டு அதன் மீது அடித்தீர்களா என்று எழுதவில்லை. முதலாவது என்றால் அந்தப் போத்தலுக்குக் காற்று ஏற்றவே வேண்டாம். தின்னரும் சுப்பர் குளூவும் போத்தலைப் பலவீனமாக்கும், சூட்டுக் கம் அதைச் சுருக்கும். அளவுமாதிரி வேலை முழுவதும் சட்டையில், அமுக்கம் முழுவதும் உள்ளே தனிப் போத்தலில். பத்துப் பதினைந்து பறப்புக்குப் பிறகு போத்தலை மட்டும் மாற்றலாம்.

கல்முனை வாசகர்: பழைய சட்டேர்ன் பிளாஸ்ரிக் மாதிரிப் பெட்டியில் முதற் கட்டத்தின் நடுவில் கறுப்புப் பட்டி காட்டியிருக்கிறது. அப்பலோ 11 படத்தில் அது இல்லையே?

படம்தான் சரி. அந்தப் பட்டி 1966இல் ஏவுதள ஒத்திகைக்கு நிறுத்திய 500எஃப் என்ற பறக்காத ரொக்கெட்டில் இருந்தது. வெயிலில் அந்த இடம் சூடேறுவதால் பறந்தவற்றில் வெள்ளை. உங்கள் கண் நல்ல கண்.

சம்மாந்துறை மாணவர்: முதல் மாதிரிக்கு இந்தியாவின் செயற்கைக்கோள் ரொக்கெட் பி.எஸ்.எல்.வி. நல்லதா?

இல்லை. அதற்குச் சொல்லும்படியான செட்டையே கிடையாது. முதற் கட்டம் தாரைக்குழாய்க்குள் திரவத்தைப் பீச்சித் திசை திருப்புகிறது, அதை நாம் செய்ய முடியாது. ரோகிணி ஆர்.எச்.200 செய்யுங்கள். அது கேரளத்துத் தும்பாவில் இருந்து ஏவுகிற வளிமண்டல ஆய்வு ரொக்கெட். விட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர், நீளம் மூன்றரை மீற்றருக்குச் சற்று மேல். அரை லீற்றர் சோடாப் போத்தலுக்கு அளவெடுத்தால் மாதிரி ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் கூட வரும். உண்மையான ரொக்கெட்டுக்கே செட்டை உண்டு, உடலும் ஒல்லி, மேற்பகுதி வெறும் மட்டைக் குழாய். மாரியில் மட்டை ஊதும், உள்ளும் புறமும் வார்னிஷ் பூசுங்கள். முதலில் 40 பி.எஸ்.ஐ. (காற்றமுக்க அளவு), பிறகு 60. அதற்கு மேல் வேண்டாம்.

அக்கரைப்பற்று வாசகர்: வெடியுப்பும் சீனியும் கலந்து நாமே இயந்திரம் செய்தால் என்ன?

செய்யாதீர்கள். கை போகும், கண் போகும், 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் இருக்கிறது. கலவை விகிதம் கேட்டு இனி யாரும் எழுத வேண்டாம். வெளிநாட்டு மச்சானிடம் சொல்லிப் பொதியில் இயந்திரம் எடுப்பதும் வேண்டாம், விமானப் பொதியில் அது ஆபத்தான பொருள்.

ரொறொன்ரோவில் இருந்து ஒரு அக்கா (சொந்த ஊர் வந்தாறுமூலை): மகன் அங்கே கடையில் வாங்கிய இயந்திரத்தில் சி6-5 என்று இருக்கிறது. அவனுடைய வி-2 (பழைய ஜேர்மன் போர் ரொக்கெட்) மாதிரிக்குச் சரியா?

அங்கே சட்டப்படி விற்பதால் சொல்கிறேன். சி என்றால் மொத்தக் கணத்தாக்கு (உந்துகையை எரியும் நேரத்தால் பெருக்கியது) 10 நியூட்டன் செக்கன் வரை, 6 சராசரி உந்துகை, 5 பரசூட் வெளியே வர எடுக்கும் தாமதம். வி-2 கட்டையான உடல், மூக்கில் பாரம் வைத்தே ஆக வேண்டும், அதனால் மெதுவாக ஏறிச் சீக்கிரம் திரும்பும். 5 செக்கன் அதற்கு அதிகம், சி6-3 எடுக்கச் சொல்லுங்கள். முழுப்பாரம் 100 கிராமைத் தாண்டினால் 24 மில்லிமீற்றர் டி12-3 இயந்திரம். ஆனால் அதற்கு இயந்திரக் குழாயையே மாற்ற வேண்டும், அதையும் ஒட்டும் முன்தான் யோசிக்க வேண்டும்.

காத்தான்குடி வாசகர்: கடற்கரையில் ஏவலாமா?

காலையில் வேண்டாம். தரைக்காற்று பரசூட்டைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் நாட்களிலும் அதே கதை. பின்னேரம் கடற்காற்று எழும்பிய பிறகு ஏவினால், ரொக்கெட் காற்றை எதிர்த்துக் கடல் பக்கம் சாய்ந்து ஏறும், பரசூட் அதைக் கரைக்குத் தள்ளி வரும். தென்னைகளில் இருந்து நன்றாக விலகி நில்லுங்கள். காற்று பலமாக இருந்தால் திரும்பிப் போங்கள், பெரிய செட்டை உள்ள மாதிரி இன்னும் அதிகமாகச் சாயும். வயல் கிடைத்தால் வயலே மேல், விமான ஓடுபாதைப் பக்கம் தவிர. எங்கே ஏவினாலும் ஏவுதாங்கியின் பூட்டைப் பத்து மீற்றர் நூலால் இழுத்து விடுங்கள், சோடாப் போத்தல், 60 பி.எஸ்.ஐ.க்கு மேல் இல்லை.