தமிழ்த் தேடலுக்கு எந்தத் திறமூலக் கருவி? கேள்வி பதில்

தேடுபொறிகள், மொழி லைப்ரரிகள் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் நூலகத்தின் பழைய இதழ்கள் சில ஆயிரம் பக்கம் தட்டச்சாகிவிட்டன. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியைப் போடச் சொல்கிறார்கள். இருப்பது ஒரு சாதாரணக் கணினிதான் சார்.

அதற்கு எலாஸ்டிக்சர்ச் எதற்குங்க? எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளமே போதும். அதிலேயே எஃப்டிஎஸ்5 என்ற முழுவுரைத் தேடல் இருக்கிறது. தனி சர்வர் வேண்டாம், எல்லாம் ஒரே கோப்பில் அடங்கிவிடும்.

ஆனால் ஒரு அமைப்பை மாற்றியே ஆக வேண்டும். எஃப்டிஎஸ்5 வழக்கமாக எழுத்து, எண் வகைக் குறிகளை மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். நம் கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் யூனிகோடில் 'மார்க்' வகை. அவை வரும் இடத்திலெல்லாம் சொல் உடையும். 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாகும். கேள்விச் சொல்லும் அதேபோல உடைவதால் முதல் சோதனையில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். பிறகு 'பல்' என்று தேடிப் பாருங்கள், பலாப்பழமும் பலியும் சேர்ந்து வரும். மூன்றும் அதற்கு 'பல'தான். டேபிள் உருவாக்கும்போது, உரையைச் சொற்களாக வெட்டும் யூனிகோட்61 பிரிப்பானின் கேட்டகரீஸ் பட்டியலில் எம்என், எம்சி என்ற இரண்டு 'மார்க்' வகைகளையும் சேர்த்துவிடுங்கள்.

அண்ணா, பைத்தானின் சைகிட்-லேர்ன் லைப்ரரியில் சொற்களை எண்ணும் கவுண்ட்வெக்டரைசர் போட்டால் சொற்பட்டியல் முழுக்க மொட்டையாக வருகிறது. என் டேட்டா கெட்டுப்போய்விட்டதா?

டேட்டா நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. மேலே சொன்ன அதே வியாதி. கவுண்ட்வெக்டரைசர் சொல்லை வெட்டப் பயன்படுத்தும், பைத்தானின் உள்ளமைந்த ரீ மாட்யூல் உயிர்மெய்க் குறிகளைச் சொல்லின் உறுப்பாக ஏற்பதில்லை. போதாக்குறைக்கு, கவுண்ட்வெக்டரைசர் ஒற்றை எழுத்துத் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடும். ஆகவே 'தமிழ்' வெறும் 'தம' ஆகிறது. உன் சொந்த டோக்கனைசரை, அதாவது சொல் பிரிப்பானைக் கொடு. இடைவெளியிலும் நிறுத்தக்குறியிலும் வெட்டினாலே பெரும்பாலும் போதும்.

சோலர், எலாஸ்டிக்சர்ச், ஓப்பன்சர்ச்: எது நல்லது?

மூன்று தேடுபொறிகளுக்கும் உள்ளே இருப்பது லூசீன்தான். டக் கட்டிங் 1999இல் எழுதிய ஜாவா லைப்ரரி அது. தேடல் தரத்தில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். லைசென்ஸ் கதைதான் வேறு. எலாஸ்டிக்சர்ச் 2021இல் அப்பாச்சி என்ற திறமூல உரிமத்தை விட்டது. உடனே அமேசான் 7.10 பதிப்பிலிருந்து கிளை பிரித்து ஓப்பன்சர்ச்சைத் தொடங்கியது. 2024இல் எலாஸ்டிக் நிறுவனம் ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. சோலர் இந்தச் சண்டை எதிலும் சிக்காமல் அப்பாச்சியிலேயே இருக்கிறது.

லூசீன் 9இல் தமிழ் அனலைசர், அதாவது உரையைச் சொற்களாகப் பிரித்து விகுதி வெட்டும் பகுதி இருக்கிறது. சோலரில் அதன் வகுப்புப் பெயரை, புலங்களை வரையறுக்கும் ஸ்கீமாவில் ஒரு வரியாக எழுதினால் வேலை முடிந்தது. எலாஸ்டிக்சர்ச்சின் ஆயத்தப் பட்டியலில் இந்தி, வங்காளம் உண்டு, தமிழ் இல்லை. நாமே துண்டுகளைக் கோக்க வேண்டும். தமிழுக்கு என் ஓட்டு சோலருக்கு.

ஸ்டெம்மர் இருந்தால் 'வீட்டில்', 'வீட்டை', 'வீடுகள்' எல்லாம் பிடிபடுமா?

ஸ்னோபால் தமிழ் ஸ்டெம்மர் ஓரளவு உதவும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலும் 12ஆம் பதிப்பு முதல் இருக்கிறது. அது விகுதிகளை விதிப்படி வெட்டும், அவ்வளவுதான். பெயர்ச்சொல்லில் தேறிவிடும், வினையில் திணறும். 'வந்தான்', 'வருகிறான்' இரண்டும் 'வா'விலிருந்து வந்தவை என்று வெட்டிக் கண்டுபிடிக்க வழியே இல்லை, அடியே மாறிவிடுகிறதே. அதற்குச் சொல்லை வேராகவும் விகுதியாகவும் பிரித்துக் காட்டும் உருபன் பகுப்பான் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடன் தொடர்புடைய தமிழிமார்ஃப் அந்த வகை. சொற்களை முன்கூட்டியே அதில் ஓட்டி, வேர்ச்சொல்லைத் தனிப் புலத்தில் இன்டெக்ஸ் செய்து வையுங்கள். ஸ்டெம்மர் மட்டுமே போதும் என்று சொல்பவர்கள் வினைச்சொல் போட்டுச் சோதித்திருக்க மாட்டார்கள்.

மொழி ஆய்வுக்கு எந்த லைப்ரரி: ஸ்பேசியா, ஸ்டான்சாவா?

ஸ்பேசி வேகமானது, ஆவணமும் அருமை. ஆனால் தமிழுக்கு அதில் நிறுத்துசொற்களும் சில அடிப்படை விதிகளும்தான், பயிற்றிய மாடல் கிடையாது. ஸ்டான்சாவில் மாடல் உண்டு. அதைப் பயிற்றிய, இலக்கணம் குறித்த வாக்கியங்களின் தொகுப்பான டிடிபி மரவங்கியில் மொத்தமே 600 வாக்கியங்கள், அதுவும் செய்தி நடை. செய்தி உரைக்குப் பயன்படுத்தலாம். வட்டார வழக்குக் கதையைக் கொடுத்துவிட்டு அதைத் திட்டாதீர்கள்.

கண்ணுக்கு ஒரே சொல்தான். ஆனால் தேடினால் சில கோப்புகளில் மட்டும் அகப்படுகுதில்லை. இது ஏன் ஐயா?

'கொ' என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். இரண்டையும் ஒரே வடிவமாக்கும் யூனிகோடின் என்எஃப்சி சீராக்கம் இதைச் சரிசெய்யும். ஆனால் 'ஔ'வுக்குப் பதில் 'ஒ'வையும் 'ள'வையும் அடுத்தடுத்துத் தட்டியவர்களை என்எஃப்சி காப்பாற்றாது. ஸ்ரீயும் அப்படித்தான். 'ஸ'வில் தொடங்கினாலும் 'ஶ'வில் தொடங்கினாலும் பல எழுத்துருக்களில் அச்சு அசல் ஒரே உருவம். இவற்றுக்கு நீங்களே மாற்று அட்டவணை எழுத வேண்டும். இன்டெக்ஸ் செய்யும்போதும் தேடும்போதும் ஒரே அட்டவணையை ஓட்டுங்கள்.

சொல்லை விட்டுப் பொருளைப் பார்க்கும் வெக்டர் தேடல் வந்த பிறகும் இதெல்லாம் தேவையா?

உரையின் பொருளை எண்களாக மாற்றும் லாப்சே போன்ற பன்மொழி மாடலும், அந்த எண்களில் நெருக்கமானவற்றைத் தேடும் ஃபைஸும் வைத்தால் 'மழைநீர் சேமிப்பு' என்று தேடி 'குளம் தூர்வாருதல்' கட்டுரையைப் பிடிக்க வாய்ப்புண்டு. ஊர்ப்பெயர், ஆள்பெயர் என்று வந்தால் பழைய இன்டெக்ஸ்தான் கை கொடுக்கும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

எஃப்டிஎஸ்5இன் ட்ரைகிராம் பிரிப்பானுக்கு மாறினேன். 'பூ', 'தீ' எதுவுமே கிடைக்கவில்லை!

ட்ரைகிராம் உரையை மும்மூன்று குறிகளாக வெட்டித் தேடும், அதனால் குறைந்தது மூன்று குறிகள் வேண்டும். 'பூ'வில் இரண்டுதான். இவ்வளவு சிறிய சொற்களுக்கு மட்டும் யூனிகோட்61 டேபிள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.