வீட்டுச் சமையலின் ருசி கெடாமல் கொழுப்பைக் குறைத்து, வயிறும் நிறையச் சாப்பிடுவது எப்படி?

முதலில் எண்ணெயைக் கவனியுங்கள். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே சுமார் 120 கலோரி. கண்ணளவாக ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றினாலே நிறையக் குறையும். அதற்காக அடியோடு நிறுத்திவிடாதீர்கள். மசாலாவின் மணம் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். வெங்காயம் அடிப்பிடித்தால் தண்ணீர் தெளித்து வதக்குங்கள்.

சரி, பசிக்கு என்ன செய்வது? எண்ணெயை மட்டும் குறைத்தால் சீக்கிரமே கொறிக்கத் தோன்றும் (பட்டுத் தெரிந்துகொண்டது). அதே பதார்த்தத்தில் காய்கறியை இரண்டு மடங்காக்கி, ஒரு கைப்பிடி வேகவைத்த பயறு சேருங்கள். நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்தால் பசி தாங்கும். க்ரீமுக்குப் பதில் தயிர் போதும். அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு கலக்குங்கள், இல்லையென்றால் திரிந்துவிடும்.