மாணவர்கள் கையில் நிஜப் பணத்தைக் கொடுத்து, எந்தத் தொண்டு அமைப்புக்குத் தரலாம் என்று முடிவெடுக்க வைக்கும் பாடத்தால் பயன் உண்டா?

நீங்கள் முதுகலைக்கு அமெரிக்கா போகிறீர்கள், விருப்பப் பாடப் பட்டியலில் இது கண்ணில் பட்டிருக்கிறது, சுலபமாக மார்க் வாங்கலாம் என்று சீனியர் யாரோ சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன். 2016-ல் ஓஹையோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இதே மாதிரிப் பாடம் படித்தவள் நான். எடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் மார்க்குக்காக எடுக்காதீர்கள்.

அங்கே இது பழைய விஷயம். சின்சினாட்டியிலிருந்து ஆற்றைத் தாண்டினால் வரும் வடக்கு கென்டக்கி பல்கலைக்கழகம், மேயர்சன் அறக்கட்டளையோடு சேர்ந்து 2000-ஐ ஒட்டியே தொடங்கிவிட்டது. வாரன் பஃபெட்டின் அக்கா டோரிஸ் பஃபெட் இதற்கென்றே ஓர் அறக்கட்டளை வைத்து, வகுப்புக்கு 10,000 டாலர் அளவில் பல கல்லூரிகளுக்குக் கொடுத்தார். எங்கள் வகுப்பில் 22 பேர். கையில் 4,000 டாலர். 2 அமைப்புகளுக்குத் தலா 2,000.

முதல் அமைப்பு சண்டையில்லாமல் முடிவானது. இரண்டாவது இடத்துக்கு இரண்டு பேர் போட்டி. ஒன்று, விண்ணப்பம் எழுதவே ஆள் வைத்திருந்த பெரிய அமைப்பு. இன்னொன்று, ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தை வாடகையில்லாமல் வாங்கி, அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா நடத்திய உணவு வங்கி. நேரில் பார்த்துவர என் குழுதான் போனது. அவரிடம் இருந்த ஃப்ரீசரின் கதவு சரியாக மூடாது. இடுக்கில் துண்டை மடித்துச் செருகி, சாமான் கட்டும் பட்டையால் இறுக்கியிருந்தார். வேறு ஃப்ரீசர் வாங்கத்தான் பணம் கேட்டிருந்தார். கணக்கெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில், பென்சிலில்: எந்த வீட்டில் எத்தனை குழந்தை, யாருக்குச் சர்க்கரை வியாதி, யாருக்கு மாவுப் பால் வேண்டும். எங்கள் விண்ணப்பத்தை நிரப்ப மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது என்றார். குறையாகச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் தொண்டு அமைப்புகள் வருமான வரித்துறைக்கு வருஷா வருஷம் படிவம் 990 கொடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். சம்பளம், நிர்வாகச் செலவு எல்லாம் அதில் இருக்கும். ஆனால் ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருந்தால் இணையத்திலேயே நிரப்பி அனுப்பும் 990-என் என்ற சின்னப் படிவம் போதும். பெயர், முகவரி, பொறுப்பாளர் தவிர அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. எங்கள் மதிப்பீட்டுத் தாளில் நிதி வெளிப்படைத்தன்மைக்கு 25 மதிப்பெண். அந்தச் சின்னப் படிவம் மட்டுமே இருந்த அந்த அம்மாவுக்கு நான் போட்டது 6. நோட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து போட்ட 6.

12-க்கு 10 என்று பெரிய அமைப்பு ஜெயித்தது. அந்தப் பன்னிரண்டில் நானும் ஒருத்தி.

அப்புறம்தான் பாடமே. போய்ப் பார்த்தவர்கள்தான் மறுப்புக் கடிதமும் எழுத வேண்டும் என்றார் பேராசிரியர். ‘சிறந்த விண்ணப்பங்கள் பல வந்ததால்’ என்று எழுதிக்கொண்டு போனேன். அந்த வரியை அடித்துவிட்டு, உண்மையான காரணத்தை எழுது என்றார். உண்மையான காரணம், எங்களுக்குப் பிடித்த வடிவத்தில் அவரிடம் காகிதம் இல்லை என்பது. நான்கு தடவை எழுதினேன். இரண்டு வாரத்தில் அந்த அம்மாவிடமிருந்து பதில் வந்தது. அடுத்த வருஷம் என்ன மாற்றி எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்.

கொடுப்பதற்குக்கூடப் படிப்பா, நம் பாட்டிமார் படித்துவிட்டா போட்டார்கள் என்று கமென்ட்டில் வருவீர்கள், தெரியும். கணக்குக் கேட்பது தப்பு என்று நான் சொல்லவில்லை, ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பாத்திரம் அறிந்து பிச்சையிடச் சொல்லும் பழமொழி நம்மிடமே இருக்கிறது. ஆனால் போடுகிற கையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு நாங்கள் ஒன்றும் தரவில்லை.

இப்போது மதுரையில் ஒரு சின்ன அறக்கட்டளையில் மாலை வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன். மேசையின் இந்தப் பக்கம், பணம் கேட்கிற பக்கம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், சரி. ஆனால் போன வருஷம் ஒரு நிறுவனத்துக்கு 38 பக்கம் நிரப்பிக் கொடுத்தோம். டேப்லெட் தருகிறோம், ஆசிரியர் சம்பளத்துக்குத் தரமாட்டோம் என்றார்கள். எங்களுக்கு இருப்பதே மூன்று டீச்சர். அதில் ஒருவர் சம்பளம் கட்டுப்படியாகாமல் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். டேப்லெட்டை வைத்துக்கொண்டு நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தல் யார் சொல்லித் தருவது? இதைச் சொன்னால் ‘எங்கள் பாலிசி’ என்கிறார்கள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாடத்தில் சேருமுன் பேராசிரியருக்கு ஒரு மெயில் போட்டு இரண்டு விஷயம் கேளுங்கள். அமைப்புகளை நேரில் போய்ப் பார்ப்பது உண்டா? கிடைக்காதவர்களுக்கு யார் கடிதம் எழுதுவது? இரண்டாவதற்கு ‘அலுவலகம் பார்த்துக்கொள்ளும்’ என்று பதில் வந்தால் வேறு பாடம் எடுங்கள்.