எட்டு கோரைப் பற்றிக் கேட்கிற பெண்ணுக்கு எந்தப் படிப்பு?

மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏஐ-டேட்டா சயின்ஸ் சீட் வாங்கிவிடலாம், நிலத்தை அடகு வைத்தால் போதும் என்று பெரியப்பா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள், அம்மா. மகளோ பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொண்டு, "எட்டு கோர் இருந்தும் ஏன் எட்டு மடங்கு வேகம் வரவில்லை?" என்று கேட்கிறாள். உங்கள் கவலை நியாயமானது. ஆனாலும் நிலத்தை அடகு வைக்காதீர்கள்.

கோர் என்பது பிராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் கணிப்புப் பகுதி. அவள் கேட்டது ஆபரேட்டிங் சிஸ்டம் ஆராய்ச்சியின் மூலக் கேள்வி. ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் உள்ளே விடும் பூட்டுக்கு லாக் என்று பெயர். எல்லா கோரும் ஒரே லாக்கைத் தொட்டால், அது இருக்கும் 64 பைட் கேஷ் வரி (கோரின் அருகிலுள்ள வேக மெமரியின் ஒரு துண்டு) கோருக்குக் கோர் அலைந்துகொண்டே இருக்கும், வேலை தேங்கிவிடும். 2009இல் சூரிச்சின் இ.டி.ஹெச். பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகமும் வெளியிட்ட பேரல்ஃபிஷ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம், இதை அடியோடு மாற்றிப் பார்த்தது: கோருக்கு ஒரு கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி), அவற்றுக்குள் பொது மெமரி கிடையாது, செய்தி அனுப்பித்தான் பேச வேண்டும். பிறகு அதே இ.டி.ஹெச்., 48 கோர் ஏஆர்எம் வகைப் பிராசஸரையும் எஃப்பிஜிஏ என்ற, உள் சுற்றை நாமே மாற்றியமைக்கக்கூடிய சிப்பையும் ஒரே போர்டில் இணைத்து என்சியன் என்ற ஆய்வுக் கணினியைக் கட்டியது. வெவ்வேறு இனத்துச் சிப்புகள் ஒரே பெட்டிக்குள் இருக்கும்போது யார் யாரை நடத்துவது என்பது இன்னும் தீராத சிக்கல்.

இதற்குத் தயாராகச் செலவு மிகக் குறைவு. எம்.ஐ.டி. பாடத்துக்காக எழுதிய குட்டி ஆபரேட்டிங் சிஸ்டமான எக்ஸ்வி6 இலவசம்; கணினியை மென்பொருளாலேயே போலச் செய்துகாட்டும் க்யூஎமுவில் ஓடும். முதலில் ஒரு கோரில் ஓடவிட்டு, பிறகு மூன்றாக்கட்டும். அதன் மெமரி ஒதுக்கீட்டில் காலிப் பக்கங்களுக்கு (மெமரித் துண்டுகளுக்கு) எல்லா கோருக்கும் சேர்த்து ஒரே பட்டியல், ஒரே லாக். அதைக் கோருக்கு ஒன்றாகப் பிரிப்பதுதான் முதல் வேலை. தொடக்கத்தில் எல்லாப் பக்கங்களும் ஒரே கோரின் பட்டியலில் போய் விழும்; மற்றவை அதனிடமிருந்து எடுக்க வேண்டும். இரண்டு கோர்கள் தத்தம் லாக்கை விடாமல் ஒன்று மற்றதன் லாக்குக்குக் காத்திருந்தால் இரண்டும் உறைந்துவிடும். இன்டரப்டை (ஓடும் வேலையை இடைமறிக்கும் சைகையை) நிறுத்தாமல் நிரல் "நான் எந்த கோர்?" என்று கேட்டால், பதில் கைக்கு வருவதற்குள் அது வேறு கோருக்கு மாறியிருக்கலாம். பத்து முறை சரியாக ஓடி, பதினோராவது முறை விழும் பிழை இதுதான்.

க்யூஎமுவில் வேகத்தை அளக்கக் கூடாது. கேஷ் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது காட்டாது. அதற்கு நான்கு கோர் ஏஆர்எம் பிராசஸருள்ள ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி போதும். இரண்டு கோருக்கு நடுவே செய்திப் பாதை ஒன்றை அவளே எழுதட்டும்: தகவல் முதலில், 'வந்துவிட்டது' என்ற கொடி கடைசியில். இன்டெல் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிய அதே நிரல், நடுவில் மெமரி பேரியர் (எழுதும், படிக்கும் வரிசையைக் காக்கும் கட்டளை) இல்லையென்றால் ஏஆர்எம்மில் சில சமயம் பழைய தகவலைப் படிக்கும். கலப்பினச் சிப்பைப் பழக பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினி போர்டு: 1 கிகாஹெர்ட்ஸ் ஏஆர்எம் கோரோடு, வேறு கட்டளைத் தொகுப்புள்ள 200 மெகாஹெர்ட்ஸ் குட்டி கோர்கள் இரண்டு. இந்த வேலைகளைக் குறிப்போடு பொதுவில் வைத்திருந்தால், ஆய்வுக்கூடப் பேராசிரியருக்கு எழுதும்போது சான்றிதழ்க் கட்டைவிட அதுதான் பேசும்.

கிளைப் பெயரில் ஒன்றும் இல்லை. எந்தக் கிளையிலும் ஆபரேட்டிங் சிஸ்டம் பெரும்பாலும் ஒரு பருவப் பாடம்தான். கவுன்சலிங்கில் அரசுக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸோ எலக்ட்ரானிக்ஸோ கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கேட் (GATE) நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்று ஆய்வில் சேர்ந்தால் மாதம் 37,000. சூரிச்சில் முனைவர் பட்ட ஆய்வாளர் சம்பளம் வாங்கும் பணியாளர். ஆகவே வெளிநாட்டு எம்.எஸ்.ஸுக்கும் கடன் வாங்காதீர்கள். ஆராய்ச்சி ஒத்துவராவிட்டால் கெர்னல், டிரைவர், ஃபர்ம்வேர் வேலைக்கு இதே பயிற்சிதான் அடிப்படை.

ஒரு நிபந்தனை. ஒரே பிழையோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவது அவளுக்குப் பிடிக்கிறதா என்று இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடட்டும். நீங்களும் வற்புறுத்தக் கூடாது.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஆபரேட்டிங் சிஸ்டம் லேபில் என்ன செய்கிறார்கள் என்று மூத்த மாணவர்களிடம் கேளுங்கள். ஷெட்யூலிங் கணக்கை (எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்ற கணக்கை) சி மொழியில் எழுதி ரெக்கார்டில் ஒட்டுவதோடு சரி என்றால், எக்ஸ்வி6ஐ முதல் ஆண்டு விடுமுறையிலேயே வீட்டில் தொடங்கச் சொல்லுங்கள்.