சிவகாசி பணக்கார ஊரா?

கேள்வி: சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்கிறார்களே, அங்கே எல்லோர் கையிலும் பணம் புழங்குமா? – தஞ்சாவூர் வாசகி

பதில்: வேலைக்குப் பஞ்சமில்லை, பணம் சிலரிடம்தான் தங்குகிறது. 1920-களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலில் ஆரம்பித்தது எல்லாம். 2011 கணக்கெடுப்பில் நகரத்தில் சுமார் 71 ஆயிரம் பேர். 2021-ல் திருத்தங்கலைச் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். ஆனால் பட்டாசுத் தொழிலாளிகளில் நிறையப் பேர் சுற்றுக் கிராமத்துக்காரர்கள். மழை குறைந்த பூமி, விவசாயம் கைகொடுக்காது. விடிந்ததும் ஆலை வேன் வந்துவிடும்.

என் சித்தி அப்படிப் போனவர். எண்ணிக்கைக்குத்தான் கூலி. தூறல் விழுந்தால் மருந்து காயாது. அன்றைக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் வீடே தெருவுக்கு ஓடிவரும். தீபாவளி போனஸில்தான் பிள்ளைகளுக்குப் புதுத்துணி. 2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும், பட்டாசில் சேர்க்கும் பேரியம் என்ற ரசாயனத்துக்கும் தடை போட்டபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. காற்று சுத்தமாக வேண்டும் என்பது நியாயம்தான். அந்த மாதங்களில் அந்தப் பெண்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்றும் கேட்டிருக்க வேண்டும்.

அச்சகம் கொஞ்சம் நிதானமான பிழைப்பு. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம், அதாவது மாதிரிகளின் தொகுப்பு, வெளியாகும். அப்புறம் மார்கழி வரை மெஷின் ஓயாது. சித்தி மகன் இப்போது ஆஃப்செட் அச்சகத்தில் இருக்கிறான். மாதச் சம்பளம், பி.எஃப். உண்டு. எனக்கு அது பெரிய ஆறுதல்.